மங்கலாக ஒரு முகம்

— நாற்காலி தல கீழயும் காலு மேலயுமா தொங்குது சாய்பு, உன் பொட்டிக்குள்ள! இப்டியா எங்கள படம் புடிச்சி செவுத்துல மாட்டச் சொல்றே?

— அரே கெங்கம்மா, மொதல்ல அந்தக் கறுப்புத் துணியிலேர்ந்து தலைய வெளிய எடு. மூச்சு முட்டும். பொட்டிக்குள்ள தலகீழாத்தான் வுழும், காகிதத்துல நான் நேரா திருப்பிக் குடுப்பேன். முப்பது வருசமா ராயபுரத்துல இந்த ஜாபர் புடிச்ச படத்துல எவன் தலகீழா நின்னான்?

— ஏன் அப்டி வுழுது?

— உன் நெத்தியிலேர்ந்து வர்ற வெளிச்சம் இந்தக் கண்ணாடியைத் தாண்டி கீழ எறங்குது. காலுலேர்ந்து வர்றது மேல ஏறுது. ரெண்டும் நடுவுல குறுக்க போவுது. சமஜா? அவ்வளவுதான். நாளைக்கு மத்தியானம் உன் புருசன் எத்திராஜு, நீ, அந்தச் சின்னப் பொண்ணு, மூணு பேரும் வந்துடுங்க.

— இரு சாய்பு. இன்னொண்ணு கீது. துணிக்குள்ளேர்ந்து பாக்கசொல்லோ உன் நாற்காலி பளிச்சினு தெரிஞ்சிச்சி. பின்னால செவுத்துல மாட்டிகினுகீற கடியாரம் மட்டும் கஞ்சியைக் கொட்டினாப்ல பரவிப் பூட்டுது. அது இன்னா சமாச்சாரம்?

— சபாஷ்! இத்தனை பேரு பாத்தாங்க, ஒருத்தரும் இதைக் கேட்டதில்ல. இங்க வா. இந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பாரு, ஓரமா தொடு. நடுவுல தடிச்சி, ஓரத்துல மெலிஞ்சி இருக்குதா? உன் மூக்குத்தி மேலேர்ந்து வெளிச்சம் எல்லாப் பக்கமும் செதறி வருது. இது அந்தச் செதறினதை வளைச்சி மறுபடி ஒரே புள்ளியில கொண்டாந்து சேக்குது. அந்தப் புள்ளி எங்க சேருதோ அங்க நான் படம் பதியற தட்டை வைக்கணும். கொஞ்சம் முன்ன பின்ன போச்சின்னா புள்ளி விரிஞ்சி பொட்டாயிடும். மூக்குத்தி மங்கிடும், மூக்கும் மங்கிடும்.

— நாற்காலி ஏன் மங்கல?

— நாற்காலிக்குத்தானே தட்டை வச்சேன்! கடியாரம் எட்டி இருக்குது. எட்டி இருக்கறதோட வெளிச்சம் கண்ணாடிக்குக் கிட்டவே சேர்ந்துடும், தட்டு வரைக்கும் வர்றதுக்குள்ள மறுபடி பரவிடும்.

— அப்போ கிட்ட குந்திகினுகீறவ மொகத்துக்குத் தட்டை வச்சா, எட்டி நிக்கறவ மொகம் பரவிப் பூடும்.

— ஆமா, பரவிடும்.

— அக்காங்! அதான் எனக்கு வேணும்.

— எதும்மா?

— நாளைக்கி அவளைப் பின்னால தள்ளி நிக்க வையி. என் மொகத்துக்கும் அவரு மொகத்துக்கும் தட்டை வச்சிக்க. அவ கஞ்சியாப் போவட்டும்.

— தோபா, தோபா. அந்தப் பொண்ணு உன்னை அக்கான்னு கூப்புடுது.

— கூப்புடுவா. வாயில சக்கரை வச்சிகினுதான் வூட்டுக்குள்ள வந்தா. எம்டன் கப்பல் குண்டு போட்ட வருசம் என்னைக் கட்டினாரு சாய்பு. ஊரே பயந்துகினு ஓடசொல்லோ என் கையை வுடாம இழுத்துகினு ஓடினாரு. பன்னெண்டு வருசம் ஆவுது. ஹார்பர்ல நான் கரிக் கூடை சொமந்தேன், அவரு மூட்டை தூக்கற விஞ்சு ஓட்டினாரு. ஒரு கொறையும் சொல்லல. புள்ளை இல்லன்னு போன மாசியில அவளை ரெண்டாந்தாரமா இட்டாந்தாரு. இப்போ வஞ்சிரத் துண்டு மொதல்ல அவ தட்டுக்குப் போவுது. ‘முள்ளு பாத்துத் தின்னு அம்மு’ன்றாரு. எனக்கு முள்ளு குத்தாதா? பன்னெண்டு வருசத்துல ஒரு நாளு அப்டிச் சொன்னாரா?

— படத்துல அவ மங்கிட்டா வஞ்சிரம் உன் தட்டுக்கு வந்துடுமா?

— வராது. ஆனா நாளைக்கி ரங்கூனுக்குக் கப்பல் ஏறுறாரு. ரெண்டு வருசமாம். அங்க ஹார்பர்ல வேலை. இந்தப் படத்துல ஒண்ணு அவருக்குத் தபால்ல போவணும். அந்த ஊர்ல குந்திகினு அவரு பாக்கறது என் மொகமா இருக்கணும். வேற எவ மொகமும் அதுல தெளிவா இருக்கக் கூடாது.

— என் கிட்ட பித்தளைத் தகடு ஒண்ணு இருக்குது, நடுவுல சின்ன ஓட்டை. அதைக் கண்ணாடிக்கு முன்னால சொருகினா வெளிச்சம் கம்மியா நொழையும். கிட்ட இருக்கறது, எட்டி இருக்கறது எல்லாமே தெளிவா வுழும். என்ன, எட்டு எண்ற வரைக்கும் அசையாம இருக்கணும். மூணு பேரும் நல்லா வருவீங்க…

— அந்தத் தகடைக் கையாலயும் தொடாத!

— பாக்கலாம், போம்மா.

\*

— இன்னும் கொஞ்சம் பின்னால போ. இன்னும். திரை இடிக்குதா? சாய்பு, இந்தப் பூந்தோட்டம் போட்ட திரையை ஓரமா தள்ளு.

— தள்ளினா பின் கதவு தெரியும் கெங்கம்மா. படத்துக்கு அழகா இருக்காது.

— தெரிஞ்சா தெரியட்டும். இவ நிக்கறதுக்கு எடம் வேணும் இல்ல.

— அக்கா, நான் அவரு தோளாண்ட நின்னுக்கறேனே. இம்மாந் தூரத்துல நின்னா பக்கத்து வூட்டுக்காரி மாதிரி இருக்கும்.

— சின்னவ பின்னாலதான் நிக்கணும் அம்மு. அவருக்கு எடது கைப் பக்கமா, செவுத்தோரம் போ. நான் வலது கைப் பக்கம் குந்திக்கறேன். ஒட்டிகினு.

— பாய், ஒரே ஒரு வார்த்தை. நல்லா புடிங்க. நான் முழுகாம கீறேன். புள்ளை பொறக்கசொல்லோ இவரு ஊர்ல இருக்க மாட்டாரு. நைனா மொகம் எப்டி இருக்கும்னு கேட்டா நான் இந்தப் படத்தைத்தான் காட்டணும். என் மொகம் எப்டி வந்தாலும் பரவால்ல.

— நல்லா வரும் பேட்டி, என் மகளே. நீ வயித்துல வச்ச கையை அப்டியே வச்சிக்க… எத்திராஜு, நீ என்ன வாயே தொறக்க மாட்டேன்றே? நெத்தியெல்லாம் வேர்வை. தொடச்சிக்க.

— இங்கேர்ந்து நேரா கப்பலுக்குப் போறாரு இல்ல சாய்பு, அந்த நெனப்பு. எங்களை ஹார்பர் பக்கமே வரக் கூடாதுன்னுட்டாரு. கூட்டத்துல மிதிபடுவீங்களாம். படம் புடிச்சதும் ட்ராம் புடிச்சி வூட்டுக்குப் போயிடணுமாம்.

— அக்கா, நானும் அதான் கேட்டேன். கடைசியா ஒரு தபா கையாட்டிட்டு வரலாம்னு. வேணவே வேணாம்னுட்டாரு.

— சரி, பேச்சு போதும். எல்லாரும் இந்தப் பித்தளைக் குழாயைப் பாருங்க. மூடியை எடுத்ததும் எட்டு எண்ணுவேன். கண்ணு தவிர எதுவும் ஆடக் கூடாது.

— எட்டா? சாய்பு, எட்டு எதுக்கு?

— கேள்வி கேக்காத. மூடியில கையை வச்சாச்சி. ஒண்ணு… ரெண்டு…

\*

— ஒரு வாரமா நெஞ்சு அடிச்சிகினு கெடந்து வந்தா, இதுவா சாய்பு நீ புடிச்ச படம்? அவ புருவத்து மயிரைக் கூட எண்ணலாம் போல கீது!

— கோவிச்சிக்காத கெங்கம்மா. அந்தப் பொண்ணு வயித்துல கையை வச்சிட்டுச் சொன்னப்போ என் மனசு கேக்கல. சின்ன ஓட்டைத் தகடை எடுத்துச் சொருகிட்டேன். உன் மொகமும் தெளிவாத்தானே வந்திருக்குது.

— என் மொகத்தைக் கொண்டு போய்க் கடல்ல போடு. நடுவுல அவரு எங்க? சட்டை கீது, பொத்தான் கீது. கழுத்துக்கு மேல வெறும் பொகை!

— அசைஞ்சிட்டாரும்மா. எட்டு எண்றதுக்குள்ள மூணு தரம் தலையைத் திருப்பினாரு. நேரா பாத்தப்போ கொஞ்சம் வெளிச்சம் தட்டுல வுழுந்துது, திரும்பினப்போ கொஞ்சம். ஒண்ணு மேல ஒண்ணு. கண்ணாடி அதோட வேலையைச் சரியாத்தான் செஞ்சிது.

— எதுக்குத் திரும்பினாருன்னு எனக்குத் தெரியாதா? அவளைப் பாக்கத்தான்! எட்டு எண்ற நேரம், எட்டே எட்டு, அவளைப் பாக்காம இருக்க முடியல அந்த ஆம்பளையால. நான் பக்கத்துல குந்திகினுகீறேன், என் முட்டி அவரு முட்டியில இடிக்குது. அப்பவும் அவதான்!

— இல்லம்மா. அவசரப்படாம பாரு. அந்தப் பொண்ணு நின்னது எடது கைப் பக்கம். இந்தப் பொகைக்குள்ள ஒரு மூக்கு தெரியுதே, அது திரும்பினது எந்தப் பக்கம்?

— …வலது கைப் பக்கம்.

— ஆமா.

— வலது கைப் பக்கம் நான் இல்ல குந்திகினு இருந்தேன்!

— நீதான்.

— என்னையா? மூணு தபாவா சாய்பு?

— மூணு. நான் எண்ணிட்டுத்தானே இருந்தேன்.

— அய்யோ, பாவி நான். போற மனுசனை மனசுக்குள்ள அந்தத் திட்டு திட்டினேனே. என்னைப் பாத்துகீறாரு. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லத் தெரியாது அவருக்கு, எப்பவும் அப்டித்தான்… மொகம் இல்லாட்டி போவுது. எனக்கு இந்தப் பொகை போதும். அவளுக்கு வேணும்னா அவ மொகத்தை வச்சிக்கட்டும். சாய்பு, பெருசா காட்டுற கண்ணாடி வச்சினுகீறியே, அதைக் குடு. என்னை எப்டிப் பாத்தாருன்னு கிட்ட பாக்கணும்.

— இந்தா. படத்து மேல ஒட்டி வைக்காத, கொஞ்சம் தூக்கு. இன்னும். ஆங், அங்க நிறுத்து. கண்ணு தெரியுதா?

— தெரியுது. லேசா. ஆனா என் மொகத்தைப் பாக்கல போல கீதே… என் தலைக்கு மேலால பாக்கறாரு.

— பொகையில சரியாத் தெரியாதும்மா.

— சாய்பு.

— என்ன?

— என் பின்னால, கதவாண்ட ஒருத்தி நிக்கறா. டிரங்குப் பொட்டியோட. நல்லாத் தெரியறா, காதுல போட்டுகீற கம்மல் வரைக்கும். யாரு அவ?

— எங்க, காட்டு… அட, இந்தம்மாவா! மூடியை எடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால வந்து அசையாம நின்னாங்க. உங்க வூட்டு மனுசங்கன்னு நெனச்சேன். நீங்க ரெண்டு பேரும் ட்ராம் ஏறினதும் எத்திராஜுதான் அந்தப் பொட்டியைத் தோள்ல தூக்கிட்டு, அவங்களைக் கூட்டிட்டு ஹார்பர் பக்கம் போனாரு. வழியனுப்ப வந்த தங்கச்சியோ என்னமோன்னு…

— அவரு கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல.

— …கெங்கம்மா, உக்காரு. தண்ணி குடி மொதல்ல. பாரு, தட்டு என் கிட்டதான் இருக்குது. அந்த எடத்தை ஊசியால கீறிட்டேன்னா அவ நின்ன சுவடே தெரியாது.

— கீறாத. இதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் குடு, கதவு நல்லாத் தெளிவா தெரியணும். நான் வாயால போய்ச் சொன்னா, பொறாமையில சொல்றேன்னுவா அம்மு.