பூவின் முதுகு

தாம்பரத்தில் ரயில் ஏறிய இரண்டு பெண்களும் ஒரே ஆபீஸ் போலிருந்தது. கண்ணாடி போட்டவர் கேட்ட கேள்விதான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

“முகத்தை மட்டும் எடுத்திருக்கியே, முதுகு எங்கடி?”

மற்றவரின் போனில் கொடைக்கானல் மலையில் எடுத்த ஒரு மஞ்சள் பூ.

“பூவுக்கு ஏதுக்கா முதுகு?”

“சாமந்தி குடும்பத்துல பாதிப் பூவுக்கு முகம் ஒண்ணு போலத்தான் இருக்கும். பூவுக்குப் பின்னாடி பச்சையா அடுக்கடுக்கா இருக்குமே, அதையும் பார்த்தாதான் பேர் சொல்ல முடியும்.”

போன்காரர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாமே முகம்.

“ஐயோ, ஒண்ணு இருந்துச்சுக்கா. எங்க வீட்டுக்காரர் இதைப் பறிச்சு என் காதுல செருகிட்டு, பின்னாலேர்ந்து போட்டோ எடுத்தார். காட்டுப் பூவைப் பறிக்கலாமான்னு கத்தி, டெலீட் பண்ணச் சொல்லிட்டேன். அதுலேர்ந்து ரெண்டு பேரும் சரியாவே பேசிக்கல.”

“இப்ப பேசு. எனக்குப் பூ பேர் தெரியணும்.”

பெருங்களத்தூர் தாண்டியதும் போன் போட்டார்.

“ஏங்க, அந்தப் பூ போட்டோ இருக்கா? என்னது, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வால்பேப்பரா?”

போனை வைத்தவர் ஊரப்பாக்கம் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“இப்ப முகத்தைக் காட்டுடி” என்றார் கண்ணாடிக்காரர்.