நான்கு சக்கரமும் ஒரே சூடு

முன்சக்கரத்து பிரேக் நூற்றெண்பது டிகிரி சூடேறும்போது பின்சக்கரத்து பிரேக் ஏன் எண்பதிலேயே நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் சமமாக்குவது எப்படி என்பதுதான் மூன்று வாரம் பிடிபடாமல் இருந்தது.

நீங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள், இன்ஸ்பெக்டர். டிரைவர் பிரேக் போட்டால் முன்னால் சாய்வீர்கள் இல்லையா? காரும் அப்படித்தான் சாய்கிறது. எடை முன்பக்கம் இறங்குகிறது. முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின்சக்கரம் பாதி மிதக்கிறது. பிடி உள்ளவன் தலையில்தான் வேலை விழும். அதனால்தான் முன்னால் சூடும் தேய்மானமும் அதிகம். அது பழுது அல்ல.

என் தங்கை கணவர் சர்வேயர். நிலத்தை அளந்து அளந்து, உலகத்தில் எல்லாமே சரிசமமாகப் பிரிய வேண்டும் என்றாகிவிட்டது அவருக்கு. என் பட்டறையில் ஆறு பேர் காத்திருக்கும்போது, தன் காரிலிருந்து கழற்றிய தேய்ந்த பிரேக் பேடைத் தூக்கிக் காட்டினார்.

"என்ன மச்சான், மறுபடியும் முன் பேடா? பின்சக்கரம் என்ன, பென்ஷன் வாங்கிட்டு உக்காந்திருக்கா?"

"மாப்பிள்ளை, பிரேக் போட்டா எடை முன்னாடி வந்து..."

"பாடமெல்லாம் வேண்டாம். நாலும் சமமா சூடாகணும், சமமா தேயணும். முடியலைன்னா சொல்லுங்க, வேலை தெரிஞ்சவன்கிட்ட போறேன்."

ஆறு பேரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் உறவுக்காரர்கள் கூடிய இடத்தில் எனக்குப் 'பாதி மெக்கானிக்' என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷப் பட்டறை. அந்த மாதம் ஏழு வண்டிகள் எதிர்ப் பட்டறைக்குப் போயின.

எனக்குக் கோபம் வரவில்லை. வாடிக்கையாளர் கேட்டதைச் செய்வதுதான் தொழில்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கை கழுவும்போது வழி தெரிந்தது. மதியத்துக்குள் வேலை முடிந்தது. சமதளச் சாலையில் ஓட்டிவிட்டு வந்து, சூடு பார்க்கும் கருவியை அவர் கையிலேயே கொடுத்தேன். நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து அளந்தார். நூற்று முப்பது, எல்லாவற்றிலும்.

"பாத்தீங்களா? மனசு வெச்சா முடியுது."

வண்டி நிற்க முன்பைவிடக் கூடுதல் தூரம் ஆகும், ஈரத்தில் பின்பக்கம் வழுக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். "பாடம் வேண்டாம்னு சொன்னேனே" என்று தோளைத் தட்டினார். விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே அவர் நாலு பேரிடம் என்னைப் புகழ்ந்தாராம். ஏழில் ஐந்து வண்டிகள் திரும்பி வந்தன.

சனிக்கிழமை தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, நாங்க ரெண்டு பேரும் மலைக்குப் போயிட்டு வரோம். இறங்கும்போது மழை இருக்குமாம். வண்டி தாங்குமா?"

"நாலு சக்கரமும் ஒரே சூடும்மா. அவர் கேட்ட மாதிரியே செஞ்சிருக்கேன்."

தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் மறுபடி நான் பாதி மெக்கானிக்.

மூன்றாவது வளைவில் அவர் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். பிடியில்லாத பின்சக்கரங்கள் முதலில் இறுகிச் சுழற்சியை நிறுத்தியிருக்கும். சுழலாத சக்கரம் ஈரத்தில் வழுக்குமே தவிர, போகும் திசையைக் காக்காது. வால் தலையை முந்திக்கொண்டு வரும். தங்கை பிழைத்துக்கொள்வாள் என்கிறார் டாக்டர். நடப்பாளா என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினார். மாப்பிள்ளையின் உடலை நீங்களே பள்ளத்திலிருந்து எடுத்தீர்கள்.

உங்கள் நிபுணர் அறிக்கையில் 'பிரேக் கோளாறு' என்று எழுதியிருக்கிறாராம். அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். என் வேலையில் கோளாறு கிடையாது.

பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை மட்டும் தனியாகக் கூட்ட வழியில்லை. எனவே முன்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். வண்டியை நிறுத்த பெடலை இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டிவரும், அதில் பின்சக்கரமும் கூட உழைக்கும். நான்கும் சமமாகிவிட்டன.