பீட்சாவுக்கு விற்ற பாட்டு

"ஹலோ! டுவேன்? டுவேன், அந்தக் கடிதத்தைப் படிச்சிடாதே! நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

ஐலா லுண்ட் ஒரு கையால் ஸ்டீயரிங்கை ஒடித்தாள். மறு கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தது. ஐம்பதடி தூரத்தில் சிவப்பு விளக்கு கண் சிமிட்ட, மணி கணகணவென்று அடிக்க ஆரம்பித்தது. அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். தடுப்புக் கம்பு அவளைவிட வேகமாக இறங்கியது. பிரேக்!

கார் கிறீச்சிட்டு, கம்புக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றது.

"போச்சு... இல்ல, உன்னைச் சொல்லல. பாலம். பாலத்தைத் தூக்கறாங்க... ஆமா, மாட்டிக்கிட்டேன்... சிரிக்காதே, டுவேன்! பொறந்ததிலேர்ந்து டுலூத்ல இருக்கேன், கப்பல் நேரம் பார்க்காம வண்டியை எடுத்துட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே. மானம் போயிடும்."

பார்க் பாயின்ட் என்கிற மணல்திட்டிலிருந்து ஊருக்குள் போக அந்த ஒரு பாலம்தான். கப்பல் வந்தால் பாலம் அப்படியே மேலே ஏறிவிடும். கப்பல் கடந்த பிறகுதான் கீழே வரும். வலதுபக்கம் ஏரி, இடதுபக்கம் துறைமுகம், பின்னால் அதற்குள் ஏழெட்டுக் கார்கள்.

டாஷ்போர்டில் மணி ஐந்து எட்டு.

ஐந்தரைக்கு, ஊர் ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு. இசைத்தட்டுக் கடை ஒன்றின் நிலவறையில் முப்பது ரசிகர்கள் கூடியிருக்கிறார்கள். பதினோரு வருடத்துக்கு முன்பு நெல்ஸ் என்பவன் பாடும் 'சால்ட் டிரக்' இசைக்குழு முதன்முதலில் வாசித்த அதே நிலவறை. இன்று எட்டு மணிக்கு அதே குழு ஒன்பதாயிரம் பேர் அமரும் ஹாக்கி அரங்கத்தில் வாசிக்கப்போகிறது. பீட்சா விளம்பரத்துக்குப் போன 'வீடு இந்தப் பக்கம்' பாட்டை ஆரம்பித்ததும் எல்லோரும் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும் என்று ஊருக்கு அழைப்பு விடுக்கிற கடிதம் டுவேனின் கையில் இருந்தது. டுவேன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ரசிகர் கூட்டத்தின் தலைவன்.

கடிதத்தை எழுதியவள் ஐலா. குழுவின் ஒவ்வொரு கச்சேரியிலும் கூட்டத்தோடு நின்று ரெக்கார்டரில் பதிவு செய்கிறவளும் அவள்தான்.

"தெரியும்... நான்தான் எழுதினேன், இல்லேங்கல... ஆமா, வியாழக்கிழமை வாசிச்சப்ப எல்லாரும் கை தட்டினீங்க... பெர்னிஸ் அழுதாளா? சரி, அழுதா. நல்லா எழுதியிருக்குங்கறதுக்காக அது உண்மையாயிடுமா?... கத்தாதேப்பா, உனக்குத்தான் காது கேக்காது, எனக்கு நல்லாவே கேக்குது."

ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நின்றே பதினோரு வருடம் பாட்டுக் கேட்டவன். காது பாதி போய்விட்டது. போனில் பேசினால் எதிர்வீட்டுக்கும் கேட்கும்.

"ஆமா... ஆமா... விளம்பரம் பார்த்தேன். நாடே பார்த்தது. ஃப்ரீஸர் பீட்சா சுத்திச் சுத்தி வருது, சீஸ் நூல் நூலா இழுபடுது, சரியா அந்த நேரத்துல நெல்ஸ் குரல்... ஆமா, அசிங்கமாத்தான் இருக்கு. யார் இல்லேன்னா?... உன் கல்யாணத்துல போட்ட பாட்டு, தெரியும். நானும் அங்கதானே நின்னேன். உன் மாமியார் ஆடினதை நான் இன்னும் மறக்கலை."

பாலம் கிறீச் கிறீச்சென்று ஏறிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டன. பதற்றத் தாளம்.

"என்னது? உன் பஸ்ஸுல பசங்க அதை 'பீட்சா பாட்டு'ங்கறாங்களா?... பாடறாங்களா? சேர்ந்தா?... ரெண்டாவது சரணமுமா?... இரு இரு. டுவேன், விளம்பரத்துல ரெண்டாவது சரணமே கிடையாதே! முப்பது செகண்டு விளம்பரம்ப்பா அது. அப்போ அந்தக் குட்டிங்க தேடிப் பிடிச்சு முழுப் பாட்டையும் கேட்டிருக்கு."

தன்னையறியாமல் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்தவள் திருடியைப் பார்த்தது போலச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் ஏன் சிரிக்கப்போறேன்? சிரிக்கலை... கட்சியும் மாறல. கேக்கறேன், அவ்வளவுதான். முப்பது பேர் கேட்டா கலை, மூணு கோடிப் பேர் கேட்டா வியாபாரம். நடுவுல எந்த ஆள் வந்து நின்னதும் அது மாறிச்சு? முப்பத்தோராவது ஆளா?... ஓ, எண்ணிக்கை இல்லையா. பின்ன?... யார் கேட்டாலும் பரவால்ல, பீட்சாக்காரன் கேட்கக் கூடாது... நீ போன வாரம் மட்டும் எத்தனை ஃப்ரீஸர் பீட்சா தின்னே? உண்மையைச் சொல்லு... அது வேற விஷயமா? சரி, வேற விஷயம்."

பூ...ம்! பூம், பூம்! நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. பாலமும் அதே கணக்கில் பதில் கொடுத்தது. கார்க் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஆயிரமடி நீளமுள்ள இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று, தெருவே நகர்வது போல, அவள் கண்முன் நகர ஆரம்பித்தது.

"கப்பல்தான்... கேட்டுச்சா? உனக்கே கேட்டுச்சுன்னா பார்த்துக்கோ... தெரியல. பின்னாலயே இன்னொண்ணும் வர்ற மாதிரி இருக்கு. அதுவும் போனாத்தான் இறக்குவாங்க. ரேடியோக்காரி கோரின்கிட்டச் சொல்லி நிகழ்ச்சியைத் தள்ளிப்போடேன். ரேடியோதானே, ஒரு பாட்டுப் போட்டா ஆச்சு... முடியாதா? ஏன் முடியாது?"

பதிலைக் கேட்டவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன கண்டுபிடிச்சே?... பதிவேடா? எந்தப் பதிவேடு?... பாட்டு யாருக்குச் சொந்தம்னு அதுல இருக்குமா? அதை யார் வேணும்னாலும் பார்க்கலாமா?"

போனைக் காதோடு இன்னும் இறுக்கினாள்.

"ரெண்டு பேரா... ம்... நெல்ஸ் ஒருத்தன்... இன்னொண்ணு?"

கப்பலின் துருப்பிடித்த பக்கவாட்டுச் சுவர் போய்க்கொண்டே இருந்தது. முடிவே இல்லாத சுவர்.

"ஏ. ரான்டா."

அந்தப் பெயரை அவள் சொன்னது அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"இல்ல... கேள்விப்பட்டதில்ல... லாஸ் ஏஞ்சலஸ் ஆளா? எப்படிச் சொல்றே?... பேரைப் பார்த்தாலே புரோக்கர்னு தெரியுதா? அடப்பாவி, அது ஃபின்லாந்துப் பேருப்பா, நம்ம ஊர்ல தடுக்கி விழுந்தா..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்லேன்னேன். நீ சொல்லு... ஆமா, முதல் தட்டு அட்டையில 'பாடல்கள்: சால்ட் டிரக்'னுதான் இருந்தது... சரி... அதனால? விளம்பரத்துக்காக நெல்ஸ் பாதிப் பாட்டை ஒரு புரோக்கருக்கு எழுதிக் குடுத்துட்டான்னு நீயா முடிவு பண்ணிட்டே... அதையும் கடிதத்துல சேர்க்கப்போறியா? வேணாம். டுவேன், வேணாம்! அவன் அம்மா அந்த ரேடியோவைத்தான் கேப்பாங்க. இன்னிக்கு முன் வரிசையில வேற உட்காரப்போறாங்க. ஒன்பதாயிரம் பேர் அவங்க பையனுக்கு முதுகைக் காட்டினா... அவன் சொன்னானா? அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?... பதில் சொல்ல மாட்டேங்கறான்னா குத்தவாளியா?"

நெல்ஸ் பதில் சொல்ல மாட்டான். அது அவளுக்குத் தெரியும். ஏழு மாதமாக ஊரே அவனைக் காறித் துப்புகிறது. அவன் வாயைத் திறக்கவில்லை.

முதல் கப்பல் கடந்தது. அதன் முதுகைத் தொட்டுக்கொண்டு வருவது போல இரண்டாவது கப்பல். பாலம் இம்மிகூட இறங்கவில்லை. ரிவர்ஸில் போகலாமா என்று திரும்பிப் பார்த்தாள். கார், கார், கார். பக்கத்து வரிசையில் ஒரு டிரக்கில் தாடிக்காரக் கிழவர் ஜன்னலை இறக்கிவிட்டு, கப்பலுக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இனி வேறு வழியில்லை.

"டுவேன், கேளு. உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். உன்கிட்ட மட்டும்... அங்க ஒரே கூச்சலா இருக்கு. தனியா ஒரு இடத்துக்குப் போ... போப்பா. கதவு இருக்கற ரூமா பார்த்து... பின்னால இருக்கற சின்ன ரூமா? சரி... கதவைச் சாத்து... சாத்திட்டியா? நல்லா சாத்திட்டியா? சரி. அந்த ஏ. ரான்டா யாருன்னு எனக்குத் தெரியும்."

பக்கத்து டிரக்கின் ஜன்னல் வழியாக ஒரு பெண் குரல் வந்தது.

'...கதவைச் சாத்து... சாத்திட்டியா? நல்லா சாத்திட்டியா?...'

ஐலா வெடுக்கென்று திரும்பினாள்.

அவள் குரல்! அவளுடைய குரலேதான், சில நொடி தாமதமாக, கிழவரின் டிரக் ரேடியோவிலிருந்து. கிழவர் கையாட்டுவதை நிறுத்திவிட்டு ரேடியோவின் ஒலியைக் கூட்டினார். டாஷ்போர்டைப் பார்த்தாள். மணி ஐந்து முப்பத்திரண்டு.

"டுவேன்... அந்தச் சின்ன ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?... கோரினா? அவ முன்னால என்ன இருக்கு?... மைக்கா. அதுல சிவப்பு விளக்கு எரியுதா?... நீ போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசறியா?... ஆமாப்பா, உனக்குக் காதுல வெச்சா கேக்காதுல்ல... திட்டல. யாரையும் திட்டல."

நிலவறையில் கதவுள்ள அறை ஒன்றே ஒன்றுதான். ரேடியோக்காரர்களுக்கு அதைத்தானே கொடுத்திருப்பார்கள்!

கட்டை விரல் போனின் சிவப்புப் பொத்தானுக்கு மேல் நின்றது. அழுத்தினால் போதும். அடுத்த நிமிடம் டுவேன் கடிதத்தைப் படிப்பான். நெல்ஸின் தலை உருளும். அழுத்தாவிட்டால்? இந்த ஊரில் அவளுக்கென்று இருக்கிற முப்பது பேர். அவள் விவாகரத்தின்போது முறை வைத்துச் சோறு கொண்டுவந்த முப்பது பேர். அவர்களும் போய்விடுவார்கள். முன்னால் தண்ணீர், பின்னால் கார்கள், காதில் டுவேன், பக்கத்தில் கிழவர்.

கட்டை விரலை எடுத்தாள்.

"கோரின், மைக்கை அணைக்காதே. பரவால்ல, இருக்கட்டும்... டுவேன், ஏ. ரான்டா புரோக்கர் இல்ல. லாஸ் ஏஞ்சலஸ்லயும் இல்ல. பாலத்துக்கிட்ட ஒரு பச்சைக் காருல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா... ஆமா. ஐலா ரான்டா. லுண்டைக் கட்டிக்கறதுக்கு முன்னால என் பேரு அதான்... விளையாடலப்பா. அப்போ இருபத்தேழு வயசு எனக்கு. சலவைக் கடைக்கு மேல ஒரு ரூம். நானும் நெல்ஸும் நாலு மாசம் உட்கார்ந்து எழுதினோம். ரெண்டாவது சரணம் முழுக்க என்னோடது... மேடை ஏறணும்னதும் எனக்குக் கை நடுங்கிப் போச்சு. ஒதுங்கிட்டேன். பேரெல்லாம் வேணாம்னு நான்தான் சொன்னேன். மறுநாளே போய் ஒரு ரெக்கார்டர் வாங்கினேன்... ஆமா, அதே ரெக்கார்டர்தான். பதினோரு வருஷமா கூட்டத்துல உங்களோட நின்னு என் பாட்டை நானே பதிவு பண்ணிக்கிட்டிருந்தேன்."

எதிர்முனையில் கதவு திறக்கும் சத்தம். பிறகு இரைச்சல்.

"டுவேன்? என்ன அங்க சத்தம்?... ரேடியோவுல கேட்டுட்டு எல்லாரும் உள்ள வந்துட்டாங்களா... ஏய், நீ ஏன் அழறே?... இல்ல. இல்லப்பா. என்னை யாரும் ஏமாத்தல... யாரது 'திருடன்'னு கத்தறது? பெர்னிஸா? பெர்னிஸ், வாயை மூடு! என் பேரை அவன் திருடல. நான்தான் சொன்னேன்ல... என்ன? எனக்காகத் திரும்பி நிக்கப்போறீங்களா? என்... என் பேரை அட்டையில எழுதி முதுகுல ஒட்டிக்கிட்டா?"

அவனைக் காப்பாற்றச் சொன்னது அவன் கழுத்துக்கே கயிறாகிவிட்டது. அவர்கள் கணக்கில், அவள் பாட்டைத் திருடி அவளுக்குத் தெரியாமல் பீட்சாவுக்கு விற்ற நெல்ஸ்! அவளோ ஏமாந்த ராணி. முப்பது பேரும் அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடத் தயார். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

மணி அடித்தது. இரண்டாவது கப்பல் போயிருந்தது. பாலம் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ எஞ்சினைக் கிளப்பினார்கள். கிழவர் கிளப்பவில்லை, இப்போது நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் சும்மா இருங்க... டுவேன், அவங்களைச் சும்மா இருக்கச் சொல்லு... அந்தப் பாட்டை விக்கணும்னா ரெண்டு கையெழுத்து வேணும். பீட்சாக்காரங்க மூணு தடவை வந்தாங்க. மூணு தடவையும் நெல்ஸ் முடியாதுன்னான். ரெண்டு வருஷம், டுவேன்! இதைப் பண்ணினா நீங்க அவனைத் தொலைச்சுக் கட்டிடுவீங்கன்னு சொன்னான். உன் பேரைச் சொல்லித்தான் சொன்னான்."

தடுப்புக் கம்பு மேலே எழுந்தது. வழி திறந்தது. ஐலா காரை நகர்த்தவில்லை. பின்னால் ஹாரன் அலறியது.

"...காசா? காசுக்கு இல்ல. முப்பது பேர் கூடிக் கூடி ஒரு ரூமுக்குள்ள பாடிக்கிட்டே இருந்தீங்க. ஒரே ஒரு தடவை, முன்னப்பின்ன தெரியாத யாராவது அதைப் பாடி நான் கேக்கணும்னு இருந்தது. அதான் முதல்ல கையெழுத்துப் போட்டேன். அவனும் போடற வரைக்கும் தினம் போன் பண்ணினேன். கெஞ்சினேன். பாதிப் பாட்டு என்னோடது, நீ எப்படித் தடுப்பேன்னு சண்டை போட்டேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன். நீங்க என்னைச் சந்தேகப்படக் கூடாதுன்னுதான் அந்தக் கடிதத்தையும் நானே எழுதினேன்... டுவேன், கேக்குதா? வித்தது அவன் இல்ல. நான்."

டுவேன் போனை வைத்துவிட்டான்.