அளவுச் சட்டை

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும்... முழுசாக இருட்டவில்லை. இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. அந்த ரோட்டில் ஒரு சின்ன லோடு வண்டி மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. மெழுகுவர்த்தியை யாராவது ஊதினால் கையை உடைப்பேன். நடுவில் தொணதொணவென்று கேள்வி கேட்டாலும் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துவிடுவேன். இது எங்கேயோ யாரோ சொன்ன கதை இல்லை. என்கூட வேலை செய்கிறாளே, என் சிநேகிதி... அவளுடைய அண்ணிக்கு நடந்தது.

வண்டியில் டிரைவர் பக்கத்தில் அந்த அண்ணி உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் அவள் அப்பா வீட்டுச் சாமான். அப்பா டெய்லர். அவர் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, வீட்டைக் காலி செய்தாக வேண்டும். கட்டில், பீரோ எல்லாவற்றையும் பழைய சாமான் வாங்குகிறவரிடம் விட்டுவிட்டாள். கால் மெஷினை மட்டும் அவர் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இப்ப ஓட்டல்காரங்க அலங்காரத்துக்குக் கேக்கறாங்கம்மா" என்றாராம். இவளுக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் அந்த மெஷின் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கமே வரும். அதையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் தரவே மாட்டேன் என்று தன்னோடு எடுத்துக்கொண்டாள்.

வண்டி திடீரென்று மெதுவானது.

"யாரோ கை காட்டுறாரும்மா. ஏத்திக்கட்டுமா?"

ரோட்டோரம் ஓர் ஆள். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டவில்லை... ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்புகிற மாதிரி கையாட்டினான். நல்ல வளர்த்தியான ஆள், அவள் வயதுதான் இருக்கும். மஞ்சள் சட்டை. நீலப் பித்தான். டெய்லர் மகள் இல்லையா, முகத்துக்கு முன்னால் சட்டைதான் கண்ணில் பட்டது. பாக்கெட் ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. அவள் அப்பா மட்டும்தான் அப்படி வைப்பார். பழைய கஸ்டமர் யாரோ என்று நினைத்துக்கொண்டு இவளும் கையாட்டினாள். அவன் திரும்பி, வண்டிக்கு எதிர்த் திசையில் நடந்தான். கொஞ்சம்கூட அவசரம் இல்லாத நடை.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். ரோடு காலி.

மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். குப்பென்று அந்துருண்டை வாடை, அதற்கு அடியில் மெஷின் எண்ணெய் வாடை. உள்ளே முழுக்கச் சட்டைகள். எல்லாமே மஞ்சள். எல்லாவற்றிலும் நீலப் பித்தான்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுடைய கடைசிப் பிறந்தநாளுக்கு அப்பா ஒரு மஞ்சள் சட்டை தைத்தார். கை விரல் நுனிவரை தொங்கியது. பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று ஓவென்று அழுதான், பெரிசா இருக்கு, பெரிசா இருக்கு என்று. அப்பா சிரித்தார். "அழாதடா. வளந்தா சரியாயிடும். உள்ள மடிப்பு நிறைய விட்டிருக்கேன், வருஷா வருஷம் பிரிச்சு விடறேன்" என்றார். அந்த வாரமே காய்ச்சல் வந்தது. அந்த வாரமே போய்விட்டான். அந்தச் சட்டை அவனுக்குச் சரியாகவே இல்லை.

பெட்டியின் அடியில் அந்தச் சின்னச் சட்டை இருந்தது. மடிப்பெல்லாம் பிரித்துவிட்டிருந்தது. அதற்கு மேலே கொஞ்சம் பெரிய சட்டை, அதற்கு மேலே இன்னும் பெரியது... அப்படியே அடுக்கடுக்காக வந்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முழு ஆம்பிளைச் சட்டை. மகன் போன பிறகும் அந்த மனுஷன் ஒரு வருடம்கூட விடாமல், வருடத்துக்கு ஒன்றாகத் தைத்திருக்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணி பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேலே இருந்த சட்டையை அவள் முந்தின நாள்தான் ரோட்டில் பார்த்தாள். அப்போதே அது உறைத்திருக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கிறவளுக்கு என்னத்தை உறைக்கும்?

சரி, மடித்து வைத்திருக்கலாம் இல்லையா? அங்கேதான் வினை.

அவளுக்கும் ஒரு பையன். தம்பி போன அதே வயது. பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் தைத்த தாத்தா பேரனுக்கு மட்டும் ஒரு சட்டைகூடத் தைத்ததில்லை. கேட்டால், "சின்னப் புள்ள சட்டை இனி என் கையால வேணாம்மா" என்று முடித்துவிடுவாராம். அந்தக் குறை இவள் மனதில் கிடந்தது. பெட்டியில் இருந்த சின்னச் சட்டைகள் தொட்டால் கிழிகிற நிலையில் இருந்தன. திடமாக இருந்தது அந்தக் கடைசிச் சட்டை மட்டும்தான்.

"குறுக்கித் தைச்சா புள்ளைக்கு ஆகும்" என்றாள்.

"உனக்கு வேற வேலை இல்ல? கடையில வாங்கினா ஆகாதா?" என்றார் அவள் புருஷன், அதாவது என் சிநேகிதியின் அண்ணன்.

"எங்கப்பா கை பட்ட துணி ஒண்ணாவது என் புள்ள உடம்புல ஏறட்டுமே..."

டெய்லர் வீட்டில் பிறந்தவளுக்கு டேப்பைவிட அளவுச் சட்டையில்தான் நம்பிக்கை. சரியாக இருக்கிற சட்டை ஒன்றை வைத்துப் புதுச் சட்டையை வெட்டுகிற பழக்கம். இவள் என்ன செய்தாள் தெரியுமா? பெரிய சட்டையைத் தரையில் விரித்து, அதன்மேல் அடியில் இருந்த தம்பியின் சட்டையை வைத்தாள். அளவுக்கு. சுற்றிலும் சாக்கட்டியால் கோடு போட்டாள். கத்தரியை எடுத்தாள்.

கறக்... கறக்... கறக்...

வெட்ட வெட்ட ஒரு வாடை வந்தது. காய்ச்சல் விடும்போது உடம்பு வேர்க்குமே... அந்த வாடை. பழைய துணிதானே என்று நினைத்தாள். அப்பா மெஷினிலேயே தைத்தாள். வளர்கிற பிள்ளை என்று உள்ளே மடிப்பும் விட்டாள்.

பிறந்தநாள் அன்று மத்தியானம். நல்ல வெயில். பையன் மஞ்சள் சட்டையோடு முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்தான். அண்ணி அடுப்படியில். திடீரென்று பிள்ளை அழுகிற சத்தம். ஓவென்ற அழுகை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பையன் அழவில்லை. கண்ணாடி முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தான். அழுகை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"யாருடா அழறது?"

"அவன்தாம்மா. சட்டை பெரிசா இருக்காம்."

அவள் பிள்ளையை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். சட்டையைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பூட்டின பிறகுதான் அழுகை நின்றது.

என் சிநேகிதி ஒன்று சொல்வாள். அந்த அப்பா இத்தனை வருடம் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, செத்த பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்து ஆளாக்கியிருக்கிறார். அவனும் அக்காவுக்குக் கையாட்டிவிட்டு அவன் வழியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். இவள் ஒரே கத்தரியில் அவனை மறுபடியும் அழுகிற பிள்ளையாக்கிவிட்டாள். அப்படித்தானா... எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறந்தது. பையனுடைய யூனிஃபார்ம் மடிப்பைப் பிரித்துவிடலாம் என்று எடுத்தாள். போட்டுப் பார்த்தால் பழைய அளவே சரியாக இருந்தது. சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வளரும் என்றார் டாக்டர். விழுந்த முன்பல் முளைக்கவில்லை. அதுவும் முளைக்கும் என்றார்.

ஒரு நாள் சந்தேகம் தாங்காமல் பெட்டியைத் திறந்தாள்.

பூட்டி வைத்த மஞ்சள் சட்டை... அக்குளில் தையல் விட்டிருந்தது. தோளில் துணி இழுபட்டு நைந்திருந்தது. பிள்ளை வளர்ந்து சட்டை பத்தாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி. கழுத்துப்பட்டியில் புது அழுக்கு.

படக்கென்று மூடினாள். தொடக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அன்று சாயங்காலமே பையனுக்குக் காய்ச்சல். அனல். தம்பிக்கு வந்த மாதிரியே கண் செருகியது. மருந்து எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அந்தப் பாவி மகள் பெட்டியைத் திறந்து, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டே சட்டையின் மடிப்பைப் பிரித்துவிட்டாள். கடைசி நூல் வந்தது... பிள்ளைக்கு வேர்த்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் எதிர்க்கவில்லை. வருடா வருடம் மஞ்சள் துணி வாங்கினாள். பெரிய பெரிய சட்டையாகத் தைத்துப் பெட்டியில் வைத்தாள். ரோட்டில் பார்த்த அந்த ஆளின் அளவுக்கு அவனைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் மறுபடியும் கையாட்டிவிட்டுப் போய்விடுவான், தன் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறாள். நம்பாமல் வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள். அண்ணன் எதையும் கேட்பதில்லை. ஷிப்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு வேலையிலேயே கிடக்கிறார்.

போன மாதம் என் சிநேகிதி அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். ரொம்ப வருடம் கழித்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பையன் கதவைத் திறந்தான். அவன் வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் மீசை அரும்பிவிட்டது. இவள் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாளாம்... அவ்வளவு லேசு. சிரித்தான். முன்பல் இருந்த இடம் காலியாகவே இருந்தது.

உள்ளறையில் மெஷின் சத்தம் நின்றது. திரைச்சீலை ஓரமாக எட்டிப் பார்த்தாள். அண்ணி பல்லில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் டேப்பின் ஒரு நுனி. இன்னொரு நுனி அவள் தலைக்குச் சமமான உயரத்தில் நின்றது. அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு யாரும் இல்லை.

"அக்கா... கை பத்தல."

குரல் உடைகிற வயதுப் பையனுடைய குரல்.

"அசையாம நில்லுடா" என்றாள் அண்ணி.

என் சிநேகிதி அண்ணியைக் கூப்பிட வாயெடுத்தாள். இடுப்பில் இருந்த பையன் அவள் வாயைப் பொத்தினான்.

"சத்தம் போடாதீங்க அத்தை. மாமாவுக்கு அளவு எடுக்கறாங்க."

இவள் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "உனக்கு எப்படா தைப்பாங்க?" என்று கேட்டாள்.

"மாமா பெரியாளானதும்தான் என் முறையாம் அத்தை. அது வரைக்கும் வளராம இருடா கண்ணான்னு அம்மாதான் சொன்னாங்க."