வடக்குச் சுவர்

அங்க வேண்டாங்க, தூண் மறைக்கும். இப்படிக் கும்மட்டத்துக்கு நேர் கீழ வந்து நில்லுங்க. பொண்ணையும் மாப்பிள்ளையையும் இங்கதான் நிறுத்துவாங்க. மேல பாருங்க, சுத்தி ஜன்னலா இருக்கா? வெளிச்சம் பூரா அங்கேருந்துதான் இறங்கும். நீங்க கொண்டு வந்த லைட்டெல்லாம் பெட்டியிலயே இருக்கட்டும்.

பெஞ்சா? இந்த ஆர்த்தடாக்ஸ் சர்ச்ல அதெல்லாம் கிடையாது, ஆரம்பத்துலேருந்தே எல்லாரும் நின்னுக்கிட்டுதான். அப்புறம், முன்னாடி சாமி படமா அடுக்கின மரத்தடுப்பு இருக்கே, அதுல நடு வாசல் பாதிரியாருக்கு மட்டும். கேமராவைத் தூக்கிட்டு உள்ள போயிடாதீங்க.

நான் இங்க வேலை பார்த்தவங்க. பழைய சுவர் ஓவியத்தை மீட்கிற வேலை. நானும் தங்கச்சியும் சேர்ந்துதான் செஞ்சோம். கப்பல் வியாபாரிங்க கட்டின கோயில் இது. நடுவுல வந்த கம்யூனிஸ்ட் அரசாங்கம் சாமியும் வேணாம் பூதமும் வேணாம்னு பூட்டி, தானியக் கிடங்கா ஆக்கிடுச்சு. சுவர் பூரா சுண்ணாம்பு, அப்பு அப்புன்னு அப்பி வச்சிருந்தாங்க. கோயிலைத் திருப்பிக் கொடுத்தப்புறம் அதைச் சுரண்ட எங்களைக் கூப்பிட்டாங்க. தெற்குச் சுவர் அவளுக்கு, வடக்கு எனக்கு. அவளுக்குக் குளிர் ஆகாது, வெயில் படற பக்கத்தை அவ எடுத்துக்கட்டும்னு நான்தாங்க சொன்னேன்.

குளிர்காலம் பூரா சுரண்டினேன். செங்கல்தான் வந்துச்சு. என் பக்கம் கூரை ஒழுகி, ஓவியம் எப்பவோ ஊறி உதிர்ந்து போயிருக்கு. அவ பக்கம் முதல்ல ஒரு கண்ணு வந்துச்சு. அப்புறம் மூக்கு. மாதாவோட முழு முகம், ஒரு கீறல் இல்லாம. டிவிக்காரங்க வந்தாங்க. அம்மா, சொந்தக்காரங்க ஒருத்தரை விடாம எல்லாருக்கும் போன் போட்டு, சின்னவளுக்கு ராசியான கைன்னு சொன்னாங்க. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். செங்கலைப் படம் பிடிக்க எவன் வருவான்?

பொறாமையான்னா, ஆமாங்க. ஒளிச்சு என்ன ஆகப் போகுது. நல்லா இருக்குடின்னு சொல்லத்தான் அவ கிட்ட போவேன். அந்தக் கன்னத்து நிறத்தைப் பார்த்ததும் திரும்பி வந்து என் செங்கலையே சுரண்ட ஆரம்பிச்சிடுவேன். அவ சும்மா இருந்தாலும் பரவாயில்லை. அக்கா, பாவம், நீயும் வந்து ஒரு ஓரமா சுரண்டுன்னு கூப்பிடுவா. அந்தப் பாவத்தைத்தான் தாங்க முடியல.

கல்யாணம் இங்கதான் வேணும்னு அவதான் கேட்டா. அவ மீட்ட முகத்தடியில அவ கல்யாணம். சரிதானே.

மாப்பிள்ளையா? அவரும் எங்க வேலைதான். வடக்குப் பக்கம், என் சாரத்துலதான் நின்னாரு. எனக்கும் அவருக்கும் நிச்சயம் ஆகியிருந்துச்சு. அன்னைக்கு அந்தப் பக்கம் முகம் வந்துடுச்சுன்னு சத்தம் கேட்டதும், ஒரு நிமிஷம், பார்த்துட்டு வந்துடறேன்னு இறங்கிப் போனாரு. போனவர்தான்.

கார் வந்துடுச்சு போல. வாசலுக்குப் போங்க. நுழையறப்ப ரெண்டு பேர் முகத்துலயும் வெயில் விழும். அதை விட்டுடாதீங்க.