கரகம் உடைஞ்ச எடம்

அந்த கரகக் கதைய நீங்க நம்பறீங்களான்னு நேரா கேட்டீங்க பாருங்க மேடம், இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. உள்ளத சொல்லணும்னா எனக்கு ரொம்ப வருஷமா சந்தேகம்தான். வெளிய சொன்னதில்ல. எப்பிடி சொல்றது, கதைய சொன்னது எங்க நைனா, பெத்த அப்பனாச்சே.

ஒக்காருங்க, ஒக்காருங்க. எறங்கி பிரயோஜனம் இல்ல. முன்னாடி லாரி ஒண்ணு ஆக்சில் ஒடஞ்சி குறுக்க நிக்குதாம். புத்தூர்லருந்து கிரேன் வரணும். பின்னாடி பாருங்க, திருப்பதி வண்டியெல்லாம் ஒட்டிக்கினு நிக்குது. திரும்பவும் முடியாது. நாளைக்கு ஸ்கூல்ல பெத்தவங்க மீட்டிங், அதுக்குள்ள ஊரு போய் சேரணும். சேராம போனாலும் எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல.

நைனாவா? பரவால்லன்றாங்க டாக்டர். பி.பி. எறங்கிடுச்சாம். ஆஸ்பத்திரில உங்கள பாத்ததும் சிரிச்சாரே, அவரு புது மனுசங்ககிட்ட அப்பிடித்தான். திருவேங்கடம்னா நகரி பக்கம் எல்லா ஊர்லயும் தெரியும். ஒவ்வொரு கங்கம்மா ஜாத்திரையிலயும் கரகம் எடுக்கறதுக்கு முன்ன அவருக்குத்தான் முதல் துண்டு போடுவாங்க எங்க தெருவுல. அடிபட்டும் ஆத்தாவ விடாதவருன்னு.

முழுசா தெரியாதா உங்களுக்கு? சரி, கேளுங்க. வண்டி எங்க போவப் போவுது.

எங்க ஊர்ல ரெண்டு தெரு. எங்களுது தமிழ் தெரு. ஏரிக்கரைல இருக்கறது தெலுங்குக்காரங்க தெரு. நடுவுல கொஞ்சம் வயலு, ஒரு கால்வா. அவ்ளோதான். முன்னல்லாம் ரெண்டு தெருவுக்கும் ஒரே ஜாத்திர, ஒரே கரகம். எங்க தெருவுல ஜோடிச்சி எடுத்துக்கினு போவாங்க. அவங்க வீட்டு வாசல்ல மஞ்சத் தண்ணி ஊத்தி, தூக்கினவன் கால கழுவி, சுத்திப் போட்டு அனுப்புவாங்க. அந்த எல்லைப் போராட்டம் வந்துச்சில்ல, இந்த ஊரு மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கான்னு? அந்த வருஷம் நைனாதான் கரகம். கல்யாணம் ஆவாத பையன். வெரதம் இருந்து, சித்திர வெயில்ல செருப்பு இல்லாம போறாரு. பம்பைக்காரங்க தோலு தொய்ஞ்சி போச்சுன்னு வைக்கோல கொளுத்தி காய வைக்க நின்னுட்டாங்க. இவரு அருள் வந்து தனியா முன்னால போய்ட்டாரு. ஏரிக்கர தெரு ஆளுங்க மறிச்சி, உங்க ஆத்தாவ உங்க மெட்ராஸுக்கே தூக்கிக்கினு போங்கடான்னு சொல்லி, பின்னாலருந்து கோலால அடிச்சி கரகத்த ஒடச்சிட்டாங்க. இதான் கதை.

அப்புறம் இன்னா. அன்னிக்கி சாயங்காலமே வைக்கோப்போர் எரிஞ்சிது, மண்ட ஒடஞ்சிது. போலீஸ் வந்து கையில கெடச்ச ரெண்டு பேர புடிச்சிக்கினு போச்சு. அதுல ஒருத்தரு யஸ்வந்த்தோட கொள்ளுத் தாத்தா. திரும்பி வரும்போது வலது கை மடங்கவே இல்லியாம். ஏர் புடிக்காமலே செத்துப் போனாரு. அன்னிலருந்து ரெண்டு ஜாத்திர, ரெண்டு கரகம். ஒரு தெருக்காரன் இன்னொரு தெருவுல கூழு கூட குடிக்கறதில்ல.

ஆமா, அந்த யஸ்வந்த்தான், ஏரிக்கர தெரு பையன். என் ஒம்பதாங் கிளாஸ்.

நீங்க டிரெய்னிங்ல சொன்னீங்க, வீட்ல சொல்ற சரித்திரத்த பசங்கள கொண்டார சொல்லுங்க, எதிரெதிரா ஒக்கார வையுங்க, ஒருத்தன் கதைய இன்னொருத்தன் கூட்டாம கொறைக்காம திருப்பி சொல்லணும், சொன்னவன் ஆமா இதான்னு ஒத்துக்கினாதான் தன் கதைய ஆரம்பிக்கணும்னு. எனக்கு புடிச்சிருந்துச்சி மேடம். சத்தியமா. சோஷியல் பாடம் எடுத்து எடுத்து, அசோகர் மரம் நட்டாருன்னு சொல்லியே தல நரச்சிப்போச்சி. நம்ம ஊரு எல்லைய பத்தி நம்ம புஸ்தகத்துல ரெண்டு வரி கூட இல்ல.

எங்க தெரு பொண்ணு ரூபா, எங்க நைனா சொல்ற கதைய சொன்னா. யஸ்வந்த் அத அப்பிடியே தமிழ்ல திருப்பி சொன்னான். கோலு, வெயிலு, ஒண்ணும் விடல. ரூபாவே அசந்துட்டா, என்னவிட நல்லா சொல்றியேடான்னா. அப்புறம் இவன் ஆரம்பிச்சான். அவங்க வீட்ல சொல்றது இன்னான்னா, அன்னிக்கி மத்தியானத்துலருந்து தெருவே குடத்துல மஞ்சத் தண்ணி கரைச்சி வெச்சிக்கினு வாசல்ல நின்னுச்சாம். சண்ட இருந்தாலும் ஆத்தா வருவான்னு. பொழுது சாஞ்சிடுச்சாம். கரகமே வரலியாம். தமிழு ஆளுங்க வேணும்னே நம்மள ஒதுக்கிட்டாங்கன்னு தண்ணிய தெருவுல கொட்டிட்டு உள்ள போனாங்களாம். அதுக்கப்புறம்தான் வைக்கோப்போருக்கு நெருப்பு.

ரூபா அத திருப்பி சொல்லும்போது அந்த மஞ்சத் தண்ணிகிட்ட கொஞ்சம் நின்னுட்டா. அப்புறம் கேக்கறா, சார், அவங்க கொள்ளுத் தாத்தாவ போலீஸே புடிச்சிக்கினு போச்சே சார், ஒங்க நைனா இருக்காரு இல்ல, அவர இங்க கூட்டிக்கினு வாங்க சார், கேட்டுடலாம்னு.

சிரிக்காதீங்க மேடம்.

சாயங்காலத்துக்குள்ள ரெண்டு தெருவுக்கும் போய்டுச்சி. எங்க தெருவுல, பெத்த அப்பனையே பொய்க்காரனாக்க பாடம் நடத்தறான் இவன்னாங்க. டீக்கடைல என் பக்கத்துல ஒருத்தனும் ஒக்காரல. யஸ்வந்த்தோட அப்பா சிரஞ்சீவி வீட்டுக்கே வந்தாரு. மரியாதையான ஆளுதான். சத்தம் போடல. செப்பண்டி சார், எது நெஜமோ அத மீட்டிங்ல நீங்களே சொல்லுங்க, எங்க தாத்தா கரகம் ஒடச்சவரா இல்லியான்னு, சொல்லலன்னா எங்க தெரு பசங்க எல்லாம் திங்கக்கெழம பிரைவேட் ஸ்கூல் வேன்ல ஏறிடுவாங்கன்னாரு. அவங்க போய்ட்டா எங்க ஸ்கூல் நிக்காது மேடம். பக்கத்து ஊரோட சேத்துடுவாங்க. எச்.எம். என்ன கூப்புட்டு, நீதானே ஆரம்பிச்ச, நீயே முடின்னுட்டாரு.

நைனா எல்லாத்தயும் கேட்டுக்கினு கட்டில்ல ஒக்காந்திருந்தாரு. அன்னிக்கி சோறு துன்னல. காலைல எழுந்திருக்க முடியல. தூக்கிக்கினு திருப்பதி ஓடியாந்தோம். இப்ப எங்க தெருவுல இன்னா பேச்சு தெரியுமா? வாத்தியாரு பாடம் அப்பன ஆஸ்பத்திரில படுக்க வெச்சிடுச்சின்னு.

சந்தேகம் எப்ப வந்துச்சின்னு கேட்டீங்களே. ஒரே நாள்ல வரல. அவரு அந்த கதைய சொல்லும்போது எல்லார் பேரும் சொல்வாரு மேடம். பம்பை அடிச்சவன் பேரு, பூ கட்டினவ பேரு, வைக்கோல் குடுத்த வீடு. ஏரிக்கர தெருவுல அப்ப இருந்த ஆளுங்க எல்லாரயும் அவருக்கு தெரியும், கூட மாடு மேச்சவங்க. அடிச்சவன் பேரு மட்டும் வராது. யஸ்வந்த் கொள்ளுத் தாத்தான்னு அவரு ஒரு நாளும் சொன்னதில்ல. அவரு இல்லன்னும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. கேட்டா இன்னா ஆவும்னு எனக்கே தெரிஞ்சிருக்கும் போல.

நீங்க வெளியூரு, உங்களுக்கு புரியுமோ என்னமோ. எங்க பக்கம் கரகத்த வேற ஒருத்தன் ஒடச்சா அது அவன் பாவம், அவ்ளோதான். தூக்கினவனே தலையிலருந்து தவற விட்டா அது வேற. தூக்கினவன் வெரதத்துல ஏதோ அழுக்குன்னு அர்த்தம். ஊருக்கே ஆவாது. மழ இல்லன்னா அவன்தான், புள்ள செத்தா அவன்தான். அவனுக்கு பொண்ணு குடுக்க மாட்டாங்க. எங்க அம்மாவ குடுத்திருக்க மாட்டாங்க.

நானா, நாளைக்கு இன்னா சொல்வேன்? அதான் தெரியல. நைனா சொன்னது நெஜம்னா ஸ்கூல் போச்சு. பொய்னா அவரு அந்த தெருவுக்கு திரும்பி வரவே முடியாது. ரெண்டு பக்கமும் சொல்லிட்டு பசங்களே முடிவு பண்ணட்டும்னு விட்டுடலாம்னு நீங்க சொல்றீங்க. கிளாஸ்ல அது சரி மேடம். சிரஞ்சீவி மூஞ்சிய பாத்து அப்பிடி சொல்ல முடியாது. அவங்க தாத்தா கை அது.

கிரேன் வந்துடுச்சி போலிருக்கு. இல்ல, அது டிராக்டரு.

காலைல நீங்க டீ குடிக்க கீழ போனீங்க இல்ல, அப்ப அவருக்கு இட்லி ஊட்டிக்கினு இருந்தேன். வாய தொடச்சி விட்டேன். கண்ண மூடிக்கினு இருந்தாரு. கேட்டுட்டேன் மேடம். நைனா, அந்த கரகத்த யாரும் அடிக்கல இல்ல, கால்வா தாண்டும்போது கால் வழுக்கி நீயே தான கீழ வுட்டுட்ட?