டம்ளரை வைத்துவிட்டுத் தோள் கொடுங்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தேவனூர் நாட்டுப் பெரியவர் முத்தன் அவர்களே! அவரோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் பெரக்கரை நாட்டு வேலப்பன் அவர்களே! கணவரை இழந்து நிற்கும் பாப்பாத்தி அம்மா அவர்களே! மலையெங்கிலுமிருந்து வந்திருக்கும் பெருமக்களே! பள்ளிக்கூட வாத்தியாரான என்னைப் பேசச் சொன்னீர்கள். வணக்கம்.

நம் காபிக் கடை அருணாசலம் மறைந்துவிட்டார். கடையும் அவரோடு போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

மறைந்தவரைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது; அவர் காபி சுமார்தான்! பிறகு ஏன் தினமும் ஓடி ஓடி வந்தோம்? யார் வந்தாலும் அதே பெஞ்சு, அதே டம்ளர். அடிவாரத்துக்கு ஒற்றையடிப் பாதை இறங்கும் இடத்தில் கடையைப் போட்டு, சுவரில் ஒரு டோலியை மாட்டிவைத்தார். நோயாளியைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்க ஆள் வேண்டுமென்றால், கடையில் இருக்கும் அத்தனை பேரும் எழ வேண்டும். "டம்ளரை வெச்சுட்டுத் தோளைக் குடுங்க சாமி!" அதுதான் கடையின் சட்டம்.

கோயில் மரியாதைச் சண்டையில் நம் மலையின் இரண்டு நாட்டு ஊர்களும் முகம் பார்க்காமல் இருந்த வருஷம் நினைவிருக்கிறதா? மிளகு பறிக்க ஏறிய வேலப்பன் மரத்திலிருந்து விழுந்தார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் தேவனூர் நாட்டுக்காரர்கள். ஒருவரும் அசையவில்லை. அருணாசலம் என்ன செய்தார்? எரிகிற அடுப்பில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார்! "தோள் குடுக்காத எடத்துல அடுப்பு எதுக்குங்க?" என்றார். முதலில் எழுந்தவர் நம் தலைவர். சிரிக்காதீர்கள் ஐயா, நீங்கள்தான்!

அப்பேர்ப்பட்ட மனிதர் போன வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவருடைய டோலியிலேயே அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் உயிர் பிரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு கூக்குரல். பாம்பு கடித்த இருசாயியை முதுகில் சுமந்தபடி அவர் புருஷன் ராசு தள்ளாடி வருகிறார். இருப்பதோ ஒரே டோலி. கூடவே இறங்கி வந்த பாப்பாத்தி அம்மாதான் சொன்னார்: "அவரை எறக்கி வெயுங்க. அந்தப் புள்ளயத் தூக்குங்க."

கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் திரும்பும் வரை அந்தப் பாறை மேலேயே இருந்தார். இருசாயி பிழைத்தார், இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்!

இனிக் கடை என்ன ஆகும்? ரோடு போட அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பஸ் வரட்டும், டோலிக்கு வேலையில்லாத நாளும் வரட்டும். அதுவரை? பாப்பாத்தி அம்மா இன்று காலை என்னிடம் சொன்னார்: "நான் எங்கயும் போகலீங்க. கடைய நானே நடத்தறேன்." விறகு தேவனூர் நாடு தரும், தண்ணீர் பெரக்கரை நாடு சுமக்கும். இது இந்தச் சபையின் உறுதி!

தங்கை பாப்பாத்தி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக அடிவாரத்திலிருந்து வந்திருக்கும் மாணிக்கம் அவர்களே! கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் தனியாகத்தான் இறங்க வேண்டும். போகும் முன் தங்கை கையால் ஒரு காபி குடியுங்கள். அதற்குள் யாராவது நோயாளியைக் கொண்டு வந்தால், நீங்களும் எழத்தான் வேண்டும்!